பெல்ஜியத்தின் மொழிச் சமூக அரசாங்கம் யாரை ஆள்கிறது?

கேள்வி இதுதான்: சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் பெல்ஜியம் பற்றிய பாடத்தில், மத்திய அரசு, மாநில அரசு இரண்டும் போக மூன்றாவதாகச் ‘சமூக அரசாங்கம்’ என்று ஒன்று வருகிறது. ஒரு மொழி பேசுகிறவர்கள் எங்கே குடியிருந்தாலும் அவர்களே அதைத் தேர்ந்தெடுக்கிறார்களாம். அப்படியானால் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களுக்கு வெவ்வேறு அரசாங்கமா? அதற்கு அமைச்சர்கள் உண்டா? வரி போடுமா?

அமைச்சர்கள் உண்டு, முதல்வர் உண்டு, சட்டம் இயற்றும் நாடாளுமன்றமும் உண்டு. சொந்த வரி என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. ‘எங்கே குடியிருந்தாலும்’ என்ற பகுதிதான் தவறு. அந்த ஒரு சொற்றொடரைத் திருத்திவிட்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1830-ல் நெதர்லாந்திலிருந்து பிரிந்து பெல்ஜியம் தனி நாடானபோது அது ஒற்றையாட்சி நாடு. வடக்கே பிளாண்டர்ஸில் மக்கள் பேசியது டச்சு, தெற்கே வலோனியாவில் பிரெஞ்சும் அதன் உறவு மொழிகளும். ஆனால் நீதிமன்றம், ராணுவம், பல்கலைக்கழகம், அமைச்சகம் எல்லாம் பிரெஞ்சில்தான் நடந்தன. சட்டங்களின் டச்சு வடிவத்துக்குப் பிரெஞ்சு வடிவத்தோடு சம மதிப்பு கிடைத்ததே 1898-ல். பிளாண்டர்ஸின் நடுவில் இருக்கும் கென்ட் நகரப் பல்கலைக்கழகம் முழுக்க டச்சுக்கு மாற 1930 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எண்ணிக்கையில் பெரும்பான்மையாக இருந்தும் சொந்த மண்ணில் தங்கள் மொழிக்கு இரண்டாம் இடம் என்ற மனக்காயம் பிளெமிஷ் மக்களிடம், அதாவது பிளாண்டர்ஸின் டச்சு மொழியினரிடம், ஆழமாக இருந்தது. இன்றைய பெல்ஜியத்தின் அமைப்பே அந்தக் காயத்துக்குக் கட்டிய மருந்துதான்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் மொழிக் கணக்கெடுப்பு. முன்பு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள். 1932-ம் ஆண்டுச் சட்டப்படி அந்த எண்ணிக்கையை வைத்து ஒரு நகராட்சியின் நிர்வாக மொழியே மாறலாம். அதனால் ஒவ்வொரு கணக்கெடுப்பும் ஒரு தேர்தல் மாதிரி ஆகிவிட்டது. 1947 கணக்கெடுப்பின் முடிவு வெளியானபோது பிரசல்ஸைச் சுற்றிப் பிரெஞ்சு பரவியிருந்தது தெரிந்தது. 1954-ல் எவெரே, கான்ஸ்ஹோரன், சின்ட்-அகதா-பெர்கெம் என்ற மூன்று நகராட்சிகள் இருமொழிப் பிரசல்ஸோடு சேர்க்கப்பட்டன. பிளெமிஷ் தரப்பு கொதித்தது. கடைசியில் 1961-ல் மொழிக் கேள்வியையே கணக்கெடுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு மொழி எல்லையை நிலப்படத்தில் கோடு போட்டு நிலைநிறுத்தும் சட்டம் வந்தது. 1963 முதல் அந்தக் கோடு நடப்பில் இருக்கிறது.

ஆக, இன்று எத்தனை பெல்ஜியர்கள் பிரெஞ்சு பேசுகிறார்கள், எத்தனை பேர் டச்சு பேசுகிறார்கள் என்பதற்கு அதிகாரப்பூர்வ எண்ணிக்கை கிடையாது. யாரையும் ‘நீ எந்த மொழிக்காரன்’ என்று அரசு கேட்பதில்லை. பிரசல்ஸில் அடையாள அட்டை எந்த மொழியில் வேண்டும் என்று கேட்பார்கள், அது அட்டையின் மொழி மட்டுமே. மொழியை வைத்து அமைந்த அரசாங்கம், ஆனால் அதன் உறுப்பினர் பட்டியல் எங்கேயும் இல்லை. எனக்கு இதுதான் இந்த ஏற்பாட்டின் மையமாகத் தெரிகிறது. இதன் நல்லதும் கெட்டதும் இங்கிருந்துதான் வருகின்றன.

பட்டியல் இல்லாமல் ஒரு மொழிச் சமூகத்தை எப்படி ஆள்வது? அரசியல் சட்டம் முதலில் நாட்டை நான்கு மொழிப் பகுதிகளாகப் பிரிக்கிறது: டச்சுப் பகுதி, பிரெஞ்சுப் பகுதி, ஜெர்மன் பகுதி, இருமொழிப் பிரசல்ஸ். பிளெமிஷ் சமூகத்தின் அதிகாரம் டச்சுப் பகுதியில், பிரெஞ்சுச் சமூகத்தின் அதிகாரம் பிரெஞ்சுப் பகுதியில், ஜெர்மன் மொழிச் சமூகத்தின் அதிகாரம் ஜெர்மன் பகுதியில். அதாவது அங்கெல்லாம் அது நிலத்தின்மேல் உள்ள அதிகாரம்தான். ஆன்ட்வெர்ப்பில் வீட்டில் பிரெஞ்சு பேசும் ஒரு குடும்பத்துக்குப் பிரெஞ்சுச் சமூக அரசோடு ஒரு தொடர்பும் இல்லை. அந்தக் குழந்தைகளின் பள்ளி, ஊர் நூலகம், விளையாட்டுக் கழகம் எல்லாம் பிளெமிஷ் அரசின் கீழ்தான்.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. பிளாண்டர்ஸில் வாழ்ந்த பிரெஞ்சு மொழிப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பள்ளி வேண்டும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனார்கள். 1968 ஜூலை 23 அன்று வந்த தீர்ப்பு, விரும்பிய மொழியில் அரசு கல்வி தந்தாக வேண்டும் என்ற உரிமை இல்லை என்றது. ஒரே ஒரு அம்சத்தில் மட்டும் பெற்றோர் பக்கம் நின்றது. பிரசல்ஸை ஒட்டிய ஆறு நகராட்சிகளில் ஏற்கெனவே பிரெஞ்சு வகுப்புகள் இருக்க, பெற்றோர் வேறு ஊரில் குடியிருக்கிறார்கள் என்பதற்காக மட்டும் பிள்ளைகளைச் சேர்க்க மறுப்பது பாகுபாடு என்றது. பிறகு 1990-களில், பிரசல்ஸைச் சுற்றிய பிளெமிஷ் ஊர்களில் வாழும் பிரெஞ்சு மொழியினரின் சங்கங்களுக்குப் பிரெஞ்சுச் சமூகம் தன் பட்ஜெட்டிலிருந்து பணம் ஒதுக்கியபோது, பெல்ஜியத்தின் அரசியல் சட்ட நீதிமன்றம் (அப்போது அதன் பெயர் நடுவர் நீதிமன்றம்) 1996-ல் அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தது. எல்லை தாண்டி உன் மொழிக்காரர்களைப் பேணுவது உன் வேலை இல்லை என்பதுதான் அதன் சாரம்.

பிரசல்ஸில் மட்டும் கதை வேறு. 19 நகராட்சிகள், 12 லட்சத்துக்கு மேல் மக்கள், இரண்டு ஆட்சி மொழிகள். அங்கே பிரெஞ்சுச் சமூகத்துக்கும் பிளெமிஷ் சமூகத்துக்கும் ஒரே நேரத்தில் அதிகாரம் உண்டு. ஆனால் ஆட்கள்மேல் அல்ல, நிறுவனங்கள்மேல். ஒரு பள்ளி பிரெஞ்சில் நடந்தால் அது பிரெஞ்சுச் சமூகத்தின் கீழ் வரும். டச்சில் நடந்தால் பிளெமிஷ் சமூகத்தின் கீழ். நாடகக் குழு, நூலகம், குழந்தைகள் காப்பகம் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. நீங்கள் எந்தக் கதவைத் திறந்து உள்ளே போகிறீர்களோ, அந்த அரசாங்கம் அந்த விஷயத்தில் உங்களை ஆள்கிறது. மூத்த மகளைப் பிரெஞ்சுப் பள்ளியிலும் இளையவனை டச்சுப் பள்ளியிலும் சேர்க்கலாம், யாரும் கேட்க முடியாது. சொல்லப்போனால் பிரசல்ஸின் டச்சுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் வீட்டில் டச்சு பேசாதவர்கள். டச்சு பேசும் குடும்பங்களுக்கு இடம் கிடைக்காமல் போய்விடக் கூடாது என்று பிளெமிஷ் அரசு ஒரு பகுதி இடங்களை அவர்களுக்கு முன்னுரிமையாக ஒதுக்க வேண்டிய அளவுக்கு நிலைமை இருக்கிறது.

ஆக, உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால்: பிரசல்ஸில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் மட்டுமல்ல, ஒரே வீட்டுக்குள்ளேயே இரண்டு அரசாங்கம் இருக்கலாம். 2022-ல் இது நடைமுறையில் எப்படி வலிக்கும் என்று தெரிந்தது. பிரெஞ்சுச் சமூக அரசு பள்ளி நாட்காட்டியையே மாற்றியது. ஏறத்தாழ ஏழு வாரம் வகுப்பு, இரண்டு வாரம் விடுமுறை என்ற சுழற்சி, கோடை விடுமுறை குறைவு, பள்ளித் திறப்பு செப்டம்பர் 1-க்குப் பதில் ஆகஸ்ட் கடைசியில். குழந்தைகளின் உடலுக்கும் மனதுக்கும் ஏற்ற தாளம் என்பது அரசு சொன்ன காரணம். எனக்கும் அது நல்ல சீர்திருத்தமாகவே படுகிறது. ஆனால் பிளெமிஷ் அரசு பழைய நாட்காட்டியிலேயே நின்றது. இரண்டு வகைப் பள்ளிகளிலும் பிள்ளைகளை வைத்திருந்த குடும்பங்களும், ஒரு வகைப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டு மறு வகையில் பிள்ளையைப் படிக்கவைத்த ஆசிரியர்களும் திண்டாடினார்கள். இதில் தலையிட மத்திய கல்வி அமைச்சர் என்று ஒருவர் அந்த நாட்டில் கிடையாது. கட்டாயக் கல்வி எந்த வயதில் தொடங்கி எந்த வயதில் முடிய வேண்டும், பட்டம் வழங்கக் குறைந்தபட்ச நிபந்தனை என்ன, ஆசிரியர் ஓய்வூதியம் ஆகியவை மட்டுமே மத்தியில் இருக்கின்றன. மற்றதெல்லாம் 1989 ஜனவரி முதல் சமூகங்களிடம்.

சரி, சமூகம் என்று ஒன்று, பிராந்தியம் (பாடப்புத்தகம் சொல்லும் ‘மாநிலம்’) என்று ஒன்று, இரண்டும் எதற்கு? இரு தரப்பும் இரண்டு வெவ்வேறு பொருளைக் கேட்டார்கள். பிளெமிஷ் தரப்பு கேட்டது மொழி, பண்பாடு, கல்வியில் தன்னாட்சி. வலோனியத் தரப்புக்கு அப்போது நிலக்கரிச் சுரங்கங்களும் எஃகு ஆலைகளும் சரிந்துகொண்டிருந்தன. அவர்கள் கேட்டது பொருளாதாரத்தைத் தாங்களே தூக்கி நிறுத்த அதிகாரம். முதல் கோரிக்கைக்கு விடையாகச் சமூகங்களும் இரண்டாவதற்கு விடையாகப் பிராந்தியங்களும் பிறந்தன. 1970 சீர்திருத்தத்தில் பண்பாட்டுச் சமூகங்கள் வந்தன. அவற்றின் மன்றங்கள் ஆணை (சமூகங்களின் சட்டத்துக்கு அதுதான் பெயர்) இயற்றின, ஆனால் நிறைவேற்றியது மத்திய அமைச்சர்கள்தான். 1980 சீர்திருத்தம்தான் நலவாழ்வு, குடும்பம் போன்ற ஆட்களைச் சார்ந்த துறைகளையும் சேர்த்துத் தந்து, தனி நிர்வாகக் குழுவுக்கும் வழி செய்தது. 1981 டிசம்பரில் பிலிப் மூரோ தலைமையில் பிரெஞ்சுச் சமூகத்தின் நிர்வாகக் குழு மத்திய அமைச்சரவைக்கு வெளியே தனித்து நின்றது. ‘அரசாங்கம்’ என்ற பெயர் 1993 சீர்திருத்தத்தோடு வந்தது. பெல்ஜியம் கூட்டாட்சி நாடு என்று அரசியல் சட்டத்தின் முதல் பிரிவே சொல்லத் தொடங்கியதும் அப்போதுதான்.

அப்புறம் மூன்று சமூகங்களும் மூன்று விதமாகப் போயின. பிளெமிஷ் தரப்பு 1980-லேயே தன் சமூகத்தையும் பிராந்தியத்தையும் ஒன்றாக்கிவிட்டது. ஒரே நாடாளுமன்றம், ஒரே அரசு, தலைமையிடம் பிரசல்ஸ். அந்த நாடாளுமன்றத்தில் 124 பேர். 118 பேர் பிளாண்டர்ஸிலிருந்தும் 6 பேர் பிரசல்ஸிலிருந்தும் வருகிறார்கள். சாலை, சுற்றுச்சூழல் மாதிரி பிராந்திய விஷயம் வாக்கெடுப்புக்கு வந்தால் அந்த 6 பேர் வாக்களிக்க முடியாது. பள்ளி பற்றியது என்றால் எல்லோரும் வாக்களிக்கலாம். அமைச்சர்கள் 11 பேருக்கு மேல் கூடாது, அதில் ஒருவராவது பிரசல்ஸ்வாசியாக இருக்க வேண்டும்.

பிரெஞ்சுத் தரப்பால் அப்படிச் சேர்க்க முடியவில்லை. வலோனியர்களுக்குத் தங்கள் பிராந்தியம்தான் உயிர். பிரசல்ஸின் பிரெஞ்சு மொழியினருக்குத் தங்கள் நகரம் மூன்றாவது பிராந்தியமாகத் தனித்து நிற்க வேண்டும். அதனால் பிரெஞ்சுச் சமூகத்துக்கென நேரடித் தேர்தலே கிடையாது. வலோனிய நாடாளுமன்றத்தின் 75 பேரும், பிரசல்ஸ் நாடாளுமன்றத்தின் பிரெஞ்சு மொழிக் குழுவிலிருந்து 19 பேரும் சேர்ந்து 94 பேர் கொண்ட சபை. பாடப்புத்தகம் சொல்கிற மாதிரி ‘அந்த மொழி பேசுவோர் தேர்ந்தெடுக்கும்’ அரசு இது என்றால், சுற்றி வளைத்துத்தான் அப்படி. பிரசல்ஸில் ஒரு வாக்காளர் இந்த முறை பிரெஞ்சுப் பட்டியலுக்கும் அடுத்த முறை டச்சுப் பட்டியலுக்கும் வாக்களிக்கலாம். மொழிக் குழுவை அறிவித்து அதிலேயே நிற்க வேண்டிய கட்டாயம் வேட்பாளருக்கு மட்டும்தான். ஒருமுறை அறிவித்தால் பிறகு வரும் தேர்தல்களிலும் மாற முடியாது.

அமைச்சரவை எப்படி அமைகிறது என்பது பலருக்குத் தெரியாத பகுதி. மத்தியில் அரசு அமைக்க யாரை அழைப்பது என்பதில் மன்னருக்குப் பங்கு உண்டு. இங்கே இல்லை. தேர்தலுக்குப் பின் கட்சிகள் தங்களுக்குள் பேசி உடன்பாடு எழுதி, அமைச்சர்களை நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்கிறது. முதல்வர் மட்டும் மன்னர் முன்னால் உறுதிமொழி எடுக்கிறார். அமைச்சரான உறுப்பினர் சபை இருக்கையில் உட்கார மாட்டார், அவருடைய மாற்று வேட்பாளர் அங்கே வருவார். ஆண்கள் மட்டுமோ பெண்கள் மட்டுமோ கொண்ட அமைச்சரவை கூடாது. முடிவுகள் வாக்கெடுப்பில் அல்ல, கருத்தொற்றுமையில் எடுக்கப்பட வேண்டும் என்று 1980 ஆகஸ்ட் 8-ம் தேதிச் சிறப்புச் சட்டமே சொல்கிறது. கூட்டணியில் சின்னக் கட்சிக்கும் இதனால் உண்மையான பிடி கிடைக்கிறது.

இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. சபையைக் கலைக்க முடியாது. ஐந்து ஆண்டு என்றால் ஐந்து ஆண்டுதான். அரசைக் கவிழ்க்க வேண்டுமென்றால், கூடவே மாற்று அரசின் பெயர்களையும் வைத்துத்தான் தீர்மானம் கொண்டுவர வேண்டும். 2017 ஜூனில் இது நாடகம் மாதிரி நடந்தது. கூட்டணியில் இருந்த மத்தியவாதக் கட்சியின் தலைவர் பெனுவா லுட்ஜென், இனி சோஷலிஸ்ட் கட்சியோடு ஆட்சி நடத்த முடியாது என்று அறிவித்தார். வலோனியாவில் லிபரல்களோடு சேர்ந்து ஜூலை கடைசியில் வில்லி போர்சு தலைமையில் புதிய அரசு வந்துவிட்டது. பிரெஞ்சுச் சமூகத்திலோ பிரசல்ஸ் உறுப்பினர்களின் கணக்கு வேறு. மாற்றுப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அதனால் உறவு முறிந்த அதே இரு கட்சிகளும் ரூடி டெமோட் முதல்வராகத் தொடர 2019 வரை ஒன்றாக ஆட்சி நடத்தின. பள்ளிகள் திறந்தன, சம்பளம் போனது, கல்விச் சீர்திருத்தமும் நடந்தது. 2024 ஏப்ரலில் வேறு மாதிரி ஒரு காட்சி. பல்கலைக்கழக மாணவர்கள் எத்தனை ஆண்டுக்குள் எத்தனை பாடம் தேற வேண்டும் என்ற விதியைத் தளர்த்தும் ஆணையை, ஆளும் கூட்டணியின் இரண்டு கட்சிகள் எதிர்க்கட்சியோடு சேர்ந்து மூன்றாவது கூட்டாளியான லிபரல்களுக்கு எதிராக நிறைவேற்றின. ஆனாலும் அரசு கவிழவில்லை, ஜூன் தேர்தல்வரை ஓடியது. அந்தத் தேர்தலுக்குப் பின் லிபரல்களும் ‘லெ ஆங்காஷே’ கட்சியும் சேர்ந்து அமைத்த அரசுக்கு எலிசபெத் டெக்ரீஸ் முதல்வரானார்.

இந்த அரசு அன்றாடம் செய்வது என்ன? முக்கால்வாசி கல்வி. மழலையர் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம்வரை. பிறகு பண்பாடு, பிரெஞ்சுப் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஆர்.டி.பி.எஃப்., குழந்தைகள் நலம், இளைஞர் பாதுகாப்பு, விளையாட்டு, அறிவியல் ஆராய்ச்சியின் ஒரு பகுதி. கல்வியிலும் எல்லாப் பள்ளியையும் அரசே நடத்துவதில்லை. கத்தோலிக்கப் பள்ளிகள் மிகப் பெரிய பங்கு. 1958-ன் பள்ளி உடன்பாட்டுக்குப் பிறகு அவற்றின் ஆசிரியர் சம்பளமும் பொதுப் பணத்திலிருந்து வருகிறது. சொந்தப் பள்ளிகளையும் நடத்திக்கொண்டு, போட்டிப் பள்ளிகளுக்கும் நிதி கொடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் விதி எழுதும் அரசு என்றால் நடுநிலை கேள்விக்குள்ளாகும் அல்லவா? அதற்காகத்தான் 2019-ல் சொந்தப் பள்ளிகளை நடத்தும் பொறுப்பைத் தனி அமைப்பிடம் கொடுத்துவிட்டார்கள்.

வரி விஷயத்துக்கு வருகிறேன். அரசியல் சட்டப்படி சமூகங்கள் வரி விதிக்கலாம். ஆனால் பிரசல்ஸில் யாரிடம் வசூலிப்பது? யார் பிரெஞ்சுச் சமூகத்தவர் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. ஒரு ஊரில் மட்டும் வசூலிக்க முடியாத வரியை மற்ற ஊர்களில் போட்டால் அது சமமின்மை. ஆக அந்த அதிகாரம் காகிதத்தில்தான். 1989 ஜனவரி 16-ன் நிதிச் சட்டப்படி மத்திய வரிகளிலிருந்து பங்கு வருகிறது. மதிப்புக் கூட்டு வரியின் ஒரு பகுதியை மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்கிறார்கள். வருமான வரிப் பங்கில் பிரசல்ஸின் தொகையை 80 சதவீதம் பிரெஞ்சுச் சமூகத்துக்கும் 20 சதவீதம் பிளெமிஷ் சமூகத்துக்கும் என்று ஒரு நிலையான விகிதத்தில் பங்கிடுகிறார்கள். மொழிக் கணக்கெடுப்பு இல்லாத நாட்டில் இது பேரம் பேசி ஒத்துக்கொண்ட எண், அளந்து பார்த்த எண் அல்ல.

வரி போட முடியாத அரசு, சம்பளப் பட்டியலோ மிகப் பெரியது. விளைவு ஊகிக்கக்கூடியதுதான். 1990-லும் 1996-லும் ஆசிரியர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் பணம் போதாமல், பள்ளிப் பேருந்து, சுற்றுலா, மாற்றுத்திறனாளிகள் உதவி போன்ற பொறுப்புகளை வலோனியப் பிராந்தியத்திடமும் பிரசல்ஸின் பிரெஞ்சு மொழி ஆணையத்திடமும் பிரெஞ்சுச் சமூகம் ஒப்படைத்தது. பிராந்தியங்களிடம் வரி இருக்கிறது, சமூகத்திடம் இல்லை, அவ்வளவுதான் காரணம். 2014-ல் குடும்ப உதவித்தொகையை மத்தியிலிருந்து கீழே இறக்கியபோது பிரசல்ஸில் அதை இரு சமூகங்களிடமும் தரவில்லை. தந்தால் ஒவ்வொரு பெற்றோரும் ஏதோ ஒரு பக்கம் சேர வேண்டியிருக்கும், இரண்டு தொகையும் வேறுபட்டால் அதிகம் தரும் பக்கம் சாய்வார்கள். அதனால் இரு மொழியினரும் சேர்ந்து நடத்தும் பொது ஆணையத்திடம் கொடுத்தார்கள். இன்றும் பிரெஞ்சுச் சமூகத்தின் பட்ஜெட் பற்றாக்குறையில்தான் இருக்கிறது. 2025-ல் ஆசிரியர்கள் மறுபடியும் தெருவுக்கு வந்ததன் பின்னணியும் சிக்கன நடவடிக்கைகள்தான்.

பணத்தில் ஏழை என்றாலும் அதிகாரத்தில் சின்ன அரசு அல்ல. இதன் ஆணைக்கும் மத்தியச் சட்டத்துக்கும் மேல், கீழ் என்ற வரிசை கிடையாது. இரண்டும் சம வலிமை, மோதினால் அரசியல் சட்ட நீதிமன்றம். நம் பொதுப் பட்டியலில் ஒன்றிய அரசின் சட்டமே மேலோங்குவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். தன் துறைகளில் வெளிநாடுகளோடு ஒப்பந்தமும் போடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் கல்வி அமைச்சர்கள் கூட்டத்தில் பெல்ஜியத்தின் நாற்காலியில் உட்காருவது ஏதாவது ஒரு சமூகத்தின் அமைச்சர், முறை வைத்து. 2016 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் கனடாவோடு வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட இருந்தபோது வலோனியா தடுத்தது என்றுதான் உலகச் செய்திகள் சொல்லின. அதற்கு இரண்டு நாள் முன்பே பிரெஞ்சுச் சமூக நாடாளுமன்றமும் எதிர்த்து வாக்களித்திருந்தது. உள்ளூர் உடன்பாடு வரும்வரை பெல்ஜியத்தின் மத்திய அரசால் கையெழுத்துப் போட முடியவில்லை.

ஜெர்மன் மொழிச் சமூகத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கிழக்கு எல்லையில் ஒன்பது நகராட்சிகள், ஏறத்தாழ 80,000 பேர். முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கையால் ஜெர்மனியிடமிருந்து பெல்ஜியத்துக்கு வந்த பகுதி. 1920-ல் மக்கள் கருத்துக் கேட்பு என்று ஒன்று நடந்தது. எதிர்ப்பவர்கள் தங்கள் பெயரைப் பகிரங்கமான பதிவேட்டில் எழுத வேண்டும், ரகசிய வாக்குக் கிடையாது. பெரும்பாலோர் எழுதத் துணியவில்லை. 1940-ல் ஹிட்லரின் ஜெர்மனி அதை இணைத்துக்கொண்டது, போர் முடிந்ததும் திரும்ப பெல்ஜியம். பிறகு பல ஆண்டு சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கப்பட்டார்கள். அப்படிப்பட்ட மக்களுக்கு 1973-ல் பண்பாட்டு மன்றமும் 1984-ல் சொந்த அரசும் கிடைத்தன. ஒய்ப்பன் நகரில் 25 பேர் கொண்ட நாடாளுமன்றம், இது நேரடித் தேர்தல். நான்கு அமைச்சர்கள். கார்ல்-ஹைன்ஸ் லாம்பெர்ட்ஸ் 1999 முதல் 2014 வரை, அதன் பின் ஆலிவர் பாஷ் என்று முதல்வர்களும் அடிக்கடி மாறுவதில்லை. நம் ஊர் நகராட்சி ஒன்றின் மக்கள்தொகைதான், ஆனால் பள்ளிப் பாடத்திட்டத்தையும் முதியோர் பராமரிப்பையும் தாங்களே சட்டமாக எழுதுகிறார்கள்.

பிராந்திய விஷயங்களில் அவர்கள் இன்னும் வலோனியாவின் கீழ்தான். ஆனால் அரசியல் சட்டத்தின் 139-ம் பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இரு நாடாளுமன்றங்களும் ஒத்துக்கொண்டால் வலோனியா எந்தப் பிராந்திய அதிகாரத்தையும் இவர்களிடம் தரலாம். 1994-ல் பாரம்பரியச் சின்னங்களின் பாதுகாப்பு வந்தது. பிறகு வேலைவாய்ப்பு, நகராட்சிகளின் மேற்பார்வை, 2020-ல் வீட்டு வசதியும் நில அமைப்புத் திட்டமும். சண்டை இல்லாமல், அரசியல் சட்டத்தைத் திருத்தாமல், ஒவ்வொன்றாக. 2019-ல் இன்னொரு புதுமையும் செய்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த குடிமக்களைக் கொண்ட நிரந்தர மன்றம் ஒன்றைச் சட்டத்தால் அமைத்தார்கள். எந்தப் பொருளை விவாதிக்க வேண்டும் என்று 24 பேர் கொண்ட அந்த மன்றம் முடிவு செய்யும், அதற்கெனக் குலுக்கலில் கூடும் இன்னொரு சபை பரிந்துரை தரும், நாடாளுமன்றம் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். முதலில் எடுத்துக்கொண்ட பொருள் நோயாளிகள், முதியோர் பராமரிப்பு.

இப்போது பிரெஞ்சுத் தரப்பில் ஒரு பழைய விவாதம் மறுபடி எழுந்திருக்கிறது: பிரெஞ்சுச் சமூகத்தையே கலைத்துப் பள்ளிகளை வலோனியாவுக்கும் பிரசல்ஸுக்கும் பிரித்துக் கொடுத்துவிடலாமே என்று. ஜெர்மன் மொழித் தரப்பிலும், பெல்ஜியம் நான்கு சம பிராந்தியங்களாக மாற வேண்டும், அதில் நாங்கள் ஒன்று என்ற கோரிக்கை நீண்ட நாளாக உண்டு. வரி உள்ளவரிடம் செலவும் இருக்கட்டும் என்பது நியாயமான வாதம், மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு இதில் தயக்கம் இருக்கிறது. பிரசல்ஸுக்கென்று தனிக் கல்வித் துறை வந்தால் அதே நகரத்தில் இருக்கும் டச்சுப் பள்ளிகளை யார் நடத்துவது என்ற கேள்வி அடுத்த நாளே வரும். இப்போது அந்தக் கேள்வி எழாமல் இருப்பதற்குக் காரணம், இரண்டு சமூக அரசுகளும் தங்கள் பள்ளிகளை நடத்திக்கொண்டு, உள்ளே வரும் பிள்ளையிடம் நீ யார் என்று கேட்காமல் இருப்பதுதான். பற்றாக்குறையைத் தீர்க்க நிதிச் சட்டத்தைத் திருத்துவது கடினம், மத்திய நாடாளுமன்றத்தில் இரு மொழிக் குழுக்களிலும் பெரும்பான்மையும் மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். இருந்தாலும் திருத்த வேண்டியது அதைத்தான் என்று நினைக்கிறேன்.